எக்செலில் கட்டத்தைத் தாண்டி ஷீட் ஓடாமல் இருக்க என்ன செய்வது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்குப் பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார். ஏ முதல் எச் வரை சீட்டு எண், விவசாயி பெயர், பூ, எடை, விலை, தொகை, கமிஷன், கொடுக்க வேண்டியது. அதே ஷீட்டில் வலப்பக்கம் விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கு. விடிகாலையில் பதிவு போடும் தம்பி மவுஸை உருட்டினால் ஷீட் எங்கேயோ ஓடிவிடுகிறதாம், ஒரு நாள் முன்பணக் கட்டத்தில் மல்லி எடையைத் தட்டி வைத்துவிட்டாராம். ஷீட்டை எதுவரை உருட்டலாம் என்று எல்லை கட்டும் ஸ்க்ரோல்ஏரியாவில் வரம்பு போட்டுப் பார்த்திருக்கிறார், ஃபைலைச் சேமித்து மூடித் திறந்தால் அது காணாமல் போகிறது. ஏன்?

உங்கள் பக்கம் தப்பில்லை. ஸ்க்ரோல்ஏரியாவின் குணமே அதுதான். எழுத்து நிறம், கட்ட அகலம் எல்லாம் ஃபைலோடு சேமிக்கப்படும், இது மட்டும் சேமிக்கப்படாது. எக்செல் திறந்திருக்கும்வரை நினைவில் நிற்கும், மூடினால் போய்விடும். மேக்ரோ, அதாவது எக்செல் தானாகச் செய்ய நாம் எழுதி வைக்கும் கட்டளைகள், எழுதும் எடிட்டரின் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியில் கையால் போட்டாலும் இதே கதைதான். அதனால் ஒவ்வொரு தடவை ஃபைல் திறக்கும்போதும் தானாகவே திரும்பப் போடும்படி ஒரு மேக்ரோ எழுதி வைக்க வேண்டும்.

ஆல்ட்டும் எஃப்11-உம் சேர்த்து அழுத்துங்கள். இடப்பக்கம் திஸ்வொர்க்புக் என்பதை இரண்டு முறை சொடுக்கி, மேலே இருக்கும் இரண்டு பட்டியல்களில் முதலாவதில் வொர்க்புக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வொர்க்புக்_ஓப்பன் என்ற சப், அதாவது ஃபைல் திறக்கும்போது ஓடும் மேக்ரோவின் வெற்றுக் கூடு, தானாக விழும். அதற்குள் எழுத வேண்டிய வரி இது, அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்:

ஷீட்1.ஸ்க்ரோல்ஏரியா = "ஏ1:எச்400"

அவ்வளவுதான். இனி தம்பி எவ்வளவு உருட்டினாலும் 400-வது வரிசையையும் எச் பத்தியையும் தாண்ட முடியாது, வெளியே இருக்கும் கட்டத்தைச் சொடுக்கினாலும் தேர்வு ஆகாது.

இங்கே ஷீட்1 என்பது கீழே தாவலில் தெரியும் பெயர் இல்லை. எடிட்டரின் இடப்பக்கப் பட்டியலில் அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் பெயர், அதாவது அந்த ஷீட்டின் கோட் பெயர். உங்கள் தாவலுக்குத் தமிழில் "தினசரி" என்று பெயர் வைத்திருப்பீர்கள், நம் ஊர்க் கடைகளில் அப்படித்தான் வைப்போம், வைக்கவும் வேண்டும். ஆனால் மேக்ரோ எடிட்டருக்குத் தமிழ் எழுத்து ஏறாது, அடித்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் வரும். தாவல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அப்படி ஒரு ஷீட்டே இல்லை என்று பிழை எண் 9 காட்டும். கோட் பெயரில் கூப்பிட்டால் தாவலைத் தமிழில் எப்படி மாற்றினாலும் மேக்ரோ உடையாது.

சரி, 400 வரிசை போதுமா? முகூர்த்த நாட்களில் சீட்டு எகிறும்போது மாதக் கடைசிக்குள் இடம் தீர்ந்துவிடும், அப்புறம் அந்த நேரத்தில் யார் எடிட்டரைத் திறந்து எண்ணை மாற்றுவது? வரம்பை மேக்ரோவே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். 400 போட்ட வரியை எடுத்துவிட்டு இந்த இரண்டையும் எழுதுங்கள், கடைசி என்ற சொல்லையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்:

கடைசி = ஷீட்1.செல்ஸ்(ஷீட்1.ரோஸ்.கவுன்ட், 2).எண்ட்(எக்ஸ்எல்அப்).ரோ
ஷீட்1.ஸ்க்ரோல்ஏரியா = "ஏ1:எச்" & கடைசி + 300

இரண்டாவது பத்தியின் அடியிலிருந்து, அதாவது 10,48,576-வது வரிசையிலிருந்து, மேலே ஏறி வந்து எழுத்து இருக்கும் முதல் கட்டத்தில் நிற்கும். அதற்குக் கீழே 300 வரிசை விட்டு வரம்பு கட்டும். விவசாயி பெயர் இருக்கும் பத்தியை நான் வேண்டுமென்றே எடுத்தேன், ஏனென்றால் தொகை, கமிஷன் பத்திகளில் சூத்திரத்தை முன்கூட்டியே ஆயிரம் வரிசைக்கு இழுத்து வைத்திருப்பீர்கள், அங்கே தேடினால் வெறுமையாகத் தெரியும் சூத்திரக் கட்டத்தையும் எழுத்து என்றே எடுத்துக்கொள்ளும்.

திறந்தவுடன் கடைசிப் பதிவு கண்ணில் பட வேண்டும் என்றால் இன்னும் மூன்று வரி. முதலில் ஷீட்1.ஆக்டிவேட், ஏனென்றால் அடுத்து வருவது எந்த ஷீட் முன்னால் இருக்கிறதோ அதன்மேல்தான் வேலை செய்யும். அடுத்தது ஷீட்1.செல்ஸ்(கடைசி + 1, 2).செலக்ட், கர்சர் காலி வரிசையில் போய் நிற்கும். மூன்றாவது, கடைசி 10-க்கு மேல் இருந்தால் மட்டும் என்று இஃப் போட்டு, ஆக்டிவ்விண்டோ.ஸ்க்ரோல்ரோ = கடைசி - 10. இதனால் பழைய பத்துப் பதினோரு சீட்டும் மேலே தெரியும். அந்த இஃப் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் மாதம் பிறந்து இரண்டு சீட்டு மட்டும் இருக்கும் நாளில் கழித்தல் எண் வந்து மேக்ரோ பாதியில் நிற்கும்.

தலைப்பு வரிசை மேலேயே நிற்பதற்கு மேக்ரோ வேண்டாம். ஃப்ரீஸ் பேன்ஸ் ஃபைலோடு சேமிக்கப்படும், ஒரு தடவை போட்டால் போதும். போடும் நேரத்தில் முதல் வரிசை திரையில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழே உருட்டிய நிலையில் உறைய வைத்தால் அதற்கு மேலே இருக்கும் வரிசைகள் எட்டவே எட்டாது.

கடையில் சின்ன லேப்டாப், வீட்டில் பெரிய மானிட்டர் என்று இருந்தால், அதே மேக்ரோவில் ஷீட்1.ரேஞ்ச்("ஏ1:எச்1").செலக்ட் என்று ஒரு வரியும், அதற்கடுத்து ஆக்டிவ்விண்டோ.ஸூம் = ட்ரூ என்று ஒரு வரியும் சேருங்கள், எட்டுப் பத்தியும் திரையின் அகலத்துக்குச் சரியாக உட்காரும். மேலே சொன்ன ஆக்டிவேட் வரிக்குப் பின்னால், கர்சரை நிறுத்தும் செலக்ட் வரிக்கு முன்னால் இவை வர வேண்டும்.

இந்த வரம்பு இருக்கும்போது முழு வரிசையையும் முழுப் பத்தியையும் தலைப்பைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்க முடியாது. நடுவில் ஒரு வரிசை செருக நினைத்தால் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். அதற்காகத் தனியாக ஒரு மாட்யூலில், அதாவது எடிட்டரில் மேக்ரோ எழுதும் தனிப் பக்கத்தில், ஷீட்1.ஸ்க்ரோல்ஏரியா = "" என்று ஒரு சின்ன மேக்ரோ எழுதி, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ஷார்ட்கட் கொடுத்து வையுங்கள். மேற்கோளுக்குள் ஒன்றும் இல்லாவிட்டால் ஷீட் முழுக்கத் திறந்துகொள்ளும்.

இதுவரை சொன்னதெல்லாம் கை தவறாமல் இருக்க. முன்பணக் கணக்கைக் காப்பாற்ற இது போதாது என்று அழுத்திச் சொல்கிறேன். திறக்கும்போது மேக்ரோவை அனுமதிக்காமல் விட்டால் வரம்பே இருக்காது. உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பூ ஏற்றி அனுப்புகிறவர்கள் வாங்கிய பணக் கணக்கு அது, ஓர் எண் மாறினாலும் பேச்சு வளரும். அதைத் தினசரிப் பதிவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான் அடிப்படைக் கோளாறு. தனி ஷீட்டுக்கு வெட்டிக்கொண்டு போங்கள். வெட்டி ஒட்டினால் அதைச் சுட்டும் சூத்திரங்கள் கூடவே போகும், காப்பி எடுத்து ஒட்டாதீர்கள். பிறகு எடிட்டரின் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியில் அந்த ஷீட்டின் விசிபிளில் வெரிஹிட்டன் என்று வையுங்கள், மறைத்த ஷீட்டுகளைக் காட்டும் அன்ஹைட் பட்டியலில்கூட அது தெரியாது. இது ஃபைலோடு சேமிக்கப்படும். எடிட்டரைத் திறக்கத் தெரிந்தவர் எடுத்துவிடலாம் என்பதால் வொர்க்புக்குக்கும் மேக்ரோ ப்ராஜெக்ட்டுக்கும் பாஸ்வேர்டு போடுங்கள். தினசரி ஷீட்டில் தம்பி அடிக்க வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் லாக்கை எடுத்துவிட்டு ப்ரொடெக்ட் ஷீட் போட்டால் சூத்திரங்களும் பிழைக்கும்.

சேமிக்கும்போது மேக்ரோ உள்ள வகை, எக்ஸ்எல்எஸ்எம், தேர்ந்தெடுங்கள். சாதா எக்ஸ்எல்எஸ்எக்ஸில் சேமித்தால் எழுதிய மேக்ரோ எல்லாம் போய்விடும். வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வந்த ஃபைலில் மேக்ரோ ஓடாமல் சிவப்புப் பட்டை வந்தால், 2022-இலிருந்து மைக்ரோசாஃப்ட் அப்படித் தடுத்து வைக்கிறது. எக்செலை மூடிவிட்டு ஃபைலின் மேல் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் டிக் செய்து திறங்கள். கடை முதலாளி செல்போனில் பார்ப்பவராக இருந்தால் அங்கே மேக்ரோ எதுவும் ஓடாது, அவருக்கு அன்றைய ஏ முதல் எச் வரை மட்டும் பிடிஎஃப் எடுத்து அனுப்பிவிடுங்கள்.