நாய்க்குட்டி வருகிறது: வாசகர் கேள்விகள்

கே: குட்டி வருவதற்கு முன் என்னென்ன வாங்க வேண்டும்?

வாங்குவதைவிட ஒளித்துவைப்பதுதான் முக்கியம். மின்வயர், மாத்திரை, சாக்லேட், திராட்சை, வெங்காயம் எதுவும் எட்டக்கூடாது. சைலிடால் என்ற செயற்கை இனிப்பு சேர்த்த சர்க்கரையில்லாத சூயிங்கம் துளி போதும், உயிருக்கே ஆபத்து. படுக்கையும் கிண்ணமும் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம்.

கே: மூன்று மாதக் குட்டி. தோட்டத்தில் அரை மணி நேரம் விட்டுக் கூட்டிவந்தாலும், உள்ளே வந்ததும் மிதியடியில் மூத்திரம் போகிறது. மூக்கை அதில் தேய்த்தால் புரியும் என்கிறார்களே?

புரியாது. உங்களைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பது மட்டும் புரியும். அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போய் மூத்திரம் இருந்துவிட்டு வரும். இந்த வயதில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. ஓடியாடும்போது அதுவும் இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சற்று நேரத்தில், விளையாட்டின் நடுவே, படுக்கும் முன், ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நடக்கவிட்டால் வழியிலேயே முடிந்துவிடும். அங்கே கொஞ்சாமல் சும்மா நில்லுங்கள். போய் முடித்த நொடியிலேயே தின்பண்டம். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும்.

உங்கள் குட்டி தோட்டத்தில் வேடிக்கை பார்ப்பதில் வந்த வேலையை மறந்துவிடுகிறது. முதலில் காரியம், அப்புறம்தான் விளையாட்டு. மிதியடியை, மூத்திர வாடையைச் சிதைக்கும் என்சைம் கிளீனரால் கழுவுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டாம். அதன் வாடையே மூத்திர வாடைதான், மறுபடி அழைக்கும்.

கே: தடுப்பூசி முடியும்வரை வெளியே விடாதீர்கள் என்கிறார் டாக்டர். நீங்களோ சீக்கிரம் வெளியுலகத்தோடு பழக்கச் சொல்கிறீர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதையும்தான். உலகத்தோடு பழகும் பருவம் சுமார் 3 முதல் 14 வார வயது. தடுப்பூசித் தொடர் முடியும்போது குட்டிக்கு 16 வார வயதாவது ஆகியிருக்கும். குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால் தரையில் இறக்காமல், கையில் தூக்கிக்கொண்டு சுற்றுங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை விரிப்பவர், ஊன்றுகோலோடு நடப்பவர், குழந்தைகள் என எல்லாரையும் தூர நின்று பார்க்கட்டும். பயந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். கிட்டே கொண்டுபோய்த் திணிக்காதீர்கள்.

கே: கை, கால், வேட்டி எல்லாவற்றையும் கடிக்கிறது. சாயங்காலமானால் வெறி பிடித்ததுபோல் ஓடுகிறது.

கையை வெடுக்கென்று இழுத்தால் அதற்கு அது துரத்தும் விளையாட்டு. அசையாமல் நின்று, பிறகு பேசாமல் எழுந்து போங்கள். கடித்தால் ஆட்டம் நின்றுபோகும் என்று தெரியட்டும். நாலாம் மாதவாக்கில் பால்பற்கள் 28-ம் விழ ஆரம்பிக்கும், கடிப்பதற்கு ரப்பர் பொம்மை கொடுங்கள். சாயங்கால ஆட்டத்துக்குப் பெரும்பாலும் தூக்கக் குறைவுதான் காரணம். இந்த வயதில் நாளுக்கு 18 மணி நேரம் தூங்க வேண்டும். பகலில் ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினால் எங்கே தூங்கும்?

கே: ராத்திரி அழுதால் கண்டுகொள்ளாமல் விடலாமா?

வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்கவையுங்கள். கெட்டுப்போகாது. நடு ராத்திரியில் ஒரு தடவை மூத்திரத்துக்குத் தூக்கிப் போய், விளக்கைப் பிரகாசமாகப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் திரும்பக் கிடத்திவிடுங்கள்.