"பெருக்கணுமா, கூட்டணுமா அம்மா?"

கேள்வி: என் மகன் நாலாம் வகுப்பு படிக்கிறான். ஒரு வருடமாக டேப்லெட்டில் ஒரு கணக்கு ஆப். வாய்ப்பாட்டில் எல்லா லெவலும் முடித்து ஸ்டார் வாங்கிவிட்டான். போன வாரம் கடையில், "எலுமிச்சம்பழம் ஒன்று 6 ரூபாய், 7 பழம் எவ்வளவு?" என்று கேட்டேன். "பெருக்கணுமா, கூட்டணுமா அம்மா?" என்கிறான். சந்தா முடியப்போகிறது. புதுப்பிக்கலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: சகோதரி, உங்கள் மகன் சரியான இடத்தில்தான் தடுமாறியிருக்கிறான். பெருக்கலா கூட்டலா என்று முடிவு செய்யும் வேலையை ஆப் அவனுக்குக் கொடுக்கவே இல்லை. திரையில் 6 × 7 என்று அதுவே போட்டுவிடுகிறது. அவன் செய்ததெல்லாம் விடையைத் தொட்டது மட்டும்.

இப்படி ஒரு கருவி ஏன் வந்தது? 1953இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். போட்ட கணக்கு சரியா தப்பா என்று பிள்ளைகளுக்கு உடனே தெரியவில்லை. சிலர் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள், சிலர் திணறினார்கள். வீட்டுக்கு வந்து ஒரு கற்பிக்கும் இயந்திரம் செய்தார். சின்னச் சின்னப் படி, உடனுக்குடன் பதில். உங்கள் வீட்டு ஸ்டார் அந்த வழியில் வந்ததுதான். வாய்ப்பாடு மனதில் நிற்க இது உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு வாய்ப்பாட்டோடு முடிவதில்லையே!

இன்னொரு வழி சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜேயுடையது. அறிவை யாரும் குழந்தைக்குள் ஊற்ற முடியாது, அது தானே செய்து பார்த்துக் கட்டிக்கொள்கிறது என்றார் அவர். ஜெனீவாவில் அவரோடு வேலை பார்த்த கணித அறிஞர் பாப்பர்ட், 1967இல் நண்பர்களோடு சேர்ந்து லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். அதில் திரையில் இருக்கும் ஆமைக்குக் கட்டளை கொடுத்துப் படம் வரைய வேண்டும்.

நான் வேலை பார்த்த மாநகராட்சிப் பள்ளியில் இரண்டு பழைய கணினிகள் இருந்தன. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி லோகோவில் சமபக்க முக்கோணம் வரைய உட்கார்ந்தாள். கோணம் 60 என்று பாடத்தில் படித்திருந்தாள். 50 காலடி முன்னே, 60 பாகை வலப்புறம், இப்படி மூன்று முறை கொடுத்தாள். வாய் திறந்த கிண்ணம் மாதிரி ஏதோ வந்தது, கோடு மூடவே இல்லை. நான் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன், அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். ஆமை மாதிரியே தரையில் நடந்தாள், திரும்பினாள், நின்றாள். "டீச்சர், இன்னும் நிறையத் திரும்பணும்!" என்றாள். 90 போட்டாள், 100 போட்டாள், கடைசியில் 120. முக்கோணம் மூடிக்கொண்டது. 60 என்பது உள்ளே இருக்கும் கோணம், ஆமை திரும்ப வேண்டியது 180இல் மீதியுள்ள 120. அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி. இன்று துணையோடு செய்வதைக் குழந்தை நாளை தனியாகச் செய்யும் என்றவர். 2003இல் நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது அதைக் கண்ணால் பார்த்தேன். பாயில் உட்கார்ந்து அட்டைகளை வைத்துப் படிப்பார்கள். சில அட்டைகளுக்கு ஆசிரியர் கூட இருக்க வேண்டும், சிலவற்றுக்குத் தோழர்கள், சிலவற்றைத் தனியாகவே முடிக்க வேண்டும். மின்சாரமே தேவைப்படாத கருவிதான் அது. ஆனால் யார் எப்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஆப்பில் அந்தப் பக்கத்து ஆள் இல்லை.

அதனால் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டாம். வாய்ப்பாட்டுக்குப் பழைய காலண்டர் தாளை வெட்டி அட்டை செய்துகொள்ளுங்கள், தினமும் பத்து நிமிடம் போதும். பிறகு விடையை நீங்கள் சொல்லிக் கதையை அவனைச் சொல்லச் சொல்லுங்கள்: "42 ரூபாய் வருகிற மாதிரி ஒரு கடைக் கணக்கு சொல்லுடா." முதல் சில நாள் நீங்களும் ஒன்று சொல்லுங்கள்.

டேப்லெட்டை எடுத்து வைத்துவிட வேண்டாம். ஸ்கிராட்ச் என்று குழந்தைகளுக்கான ஒரு கணினி மொழி இருக்கிறது, இலவசம்தான். அதில் பேனா வசதியைச் சேர்த்தால் லோகோ மாதிரியே படம் வரையலாம். முதலில் சதுரம் போடட்டும், அப்புறம் முக்கோணம். அவன் 60 என்று போட்டால் திருத்தாதீர்கள். எழுந்து நடக்கக் கூடத்தில் கொஞ்சம் இடம் மட்டும் ஒதுக்கி வையுங்கள்.