நாடகக் கொப்பியைத் திறந்து வைத்துச் சொன்ன பதில்கள்

கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். துணி வெட்டும் மேசைக்கு நேரே சுவரில் ரீவி. 2012இல் இருந்து, பார்க்கிற ஒவ்வொரு நாடகத்திலும் அன்றைக்கு என்ன நடந்தது என்று இரண்டு வரி கொப்பியில் எழுதி வைக்கிறேன். இப்போது 17ஆவது கொப்பி ஓடுகிறது. சட்டை தைக்க வந்தவர்களும் போன் எடுத்தவர்களும் பிள்ளையிடம் துண்டு எழுதிக் கொடுத்து விட்டவர்களும் இந்த மாதம் கேட்டவற்றுக்கு ஒன்றாகப் பதில் சொல்கிறேன்.

பரந்தனில் இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, பெரும்போக அறுவடையோட ஒரு மாதம் நாடகமே பார்க்கேல்லை. இப்ப போட்டால் ஆரோ புதுசா ஒருத்தி வீட்டுக்குள்ள நிக்கிறா. எங்க இருந்து பிடிக்கிறது?

ஒரு மாதம் என்றால் 25 எபிசோட் வரும். விளம்பரத்தைக் கழித்தால் ஒன்று 20 நிமிடம் சொச்சம். எல்லாவற்றையும் தேடிப் பார்க்க வேண்டாம். போன சனிக்கிழமையின் கடைசிப் பகுதியையும் திங்கட்கிழமையின் முதல் பகுதியையும் பாருங்கள். சனிக்கிழமை முடிச்சுப் போடுவார்கள், திங்கட்கிழமை அதைக் கொஞ்சம் இளக்குவார்கள். நடுவில் போனதை நாடகமே உங்களுக்குச் சொல்லும். அந்தப் பிள்ளை தாய்க்குப் போன் எடுத்து அழும்போது நடந்ததெல்லாம் ஒன்று விடாமல் வந்துவிடும்.

என்னுடைய கொப்பியில் ஒவ்வொரு நாடகத்துக்கும் இடது பக்கத்தில் ஒரு கோடு போட்டிருப்பேன். கோட்டுக்கு மேலே உண்மை தெரிந்தவர்களின் பெயர், கீழே தெரியாதவர்களின் பெயர். குழந்தை யாருடையது, வீட்டுப் பத்திரத்தை எடுத்தது யார், முதல் கல்யாணம் நடந்ததா, இப்படி ஏதோ ஒரு உண்மை எப்போதும் இருக்கும். கீழே இருந்து ஒரு பெயர் மேலே போகிற நாளைத்தான் நாங்கள் திருப்பம் என்கிறோம். ஆகவே உங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் கதை கேட்கும்போது மூன்றே கேள்வி கேளுங்கள்: ஆருக்குத் தெரியும், ஆருக்குத் தெரியாது, தெரிந்தவர் ஏன் வாய் திறக்கவில்லை. புதிதாக வந்து நிற்கிறவ அநேகமாகத் தெரிந்தவர்களில் ஒருத்திதான். அதற்காகத்தான் அவவைக் கொண்டுவருவார்கள்.

தருமபுரத்தில் இருந்து ஒரு தம்பி: யூடியூப்பில கதாநாயகி சாகிறதாகப் போட்டிருந்தாங்கள். அம்மா இரவு சாப்பிடவே இல்லை. அடுத்த நாள் பார்த்தால் அவ உயிரோட இருக்கிறா. ப்ரோமோவை எப்படி நம்புறது?

சேலையைப் பாருங்கள் தம்பி. நான் தையல்காரி, என் கண் முதலில் அங்கேதான் போகும். நேற்றைய எபிசோட் முடியும்போது அவ கட்டியிருந்த சேலையும் ப்ரோமோவில் கட்டியிருக்கிற சேலையும் ஒன்று என்றால், அந்தக் காட்சி நாளைக்கே வரும். சேலை வேறு, ஆனால் பக்கத்தில் நிற்கிற மாமியார் பழைய சேலையில் நிற்கிறா என்றால், இரண்டு நாள் காட்சிகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கேள்வி ஒரு இடத்தில் கேட்கப்படும், பதில் வேறு யாருக்கோ சொன்னதாக இருக்கும். ஒருவருக்குமே பொருந்தாத புதுச் சேலை என்றால் கனவுக் காட்சியாக இருக்க இடம் உண்டு.

தொலைக்காட்சிக்காரரே போடுகிற ப்ரோமோவில் இந்த வெட்டு ஒட்டோடு சரி. நீங்கள் பார்த்தது அப்படி இல்லை, யாரோ பழைய படங்களை எடுத்து மேலே சாவு என்று எழுதிய வீடியோ. அம்மாவுக்கு அதைக் காட்டாதீர்கள். டேட்டாவும் வீண்.

விசுவமடுவில் இருந்து ஒரு ஆசிரியர்: வியாழக்கிழமை தோறும் டிஆர்பி வருகிறது என்கிறார்கள். எங்கள் வீடுகளும் அந்தக் கணக்கில் சேருமா?

சேராது சேர். எந்த நாடகத்தை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற அந்தக் கணக்கை எடுப்பது பார்க் என்ற இந்திய அமைப்பு. இந்தியாவில் தெரிந்தெடுத்த வீடுகளின் ரீவியில் ஒரு கருவியைப் பொருத்தி, எந்த நேரம் எது ஓடியது என்று பதிவார்கள். கிளிநொச்சியில் எத்தனை வீட்டில் பார்த்தாலும் அந்த எண் அசையாது.

ஆனால் அந்த எண்தான் நாங்கள் பார்க்கிற கதையைத் திருப்புகிறது. தினசரி நாடகத்தில் ஒளிபரப்புக்குச் சில எபிசோட் முன்னால்தான் படப்பிடிப்பு ஓடும். எண் இறங்கினால் கதையை உடனே வளைக்கலாம். ஒரு கல்யாணம் வரும், ஒரு விபத்து வரும், அல்லது இரண்டு நாடகக் குடும்பங்களைச் சேர்த்து மகா சங்கமம் என்று ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். கல்யாணம் ஏன் மூன்று வாரம் இழுக்கிறது என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். மண்டபத்தை ஒருதரம் அலங்கரித்து எல்லா நடிகர்களையும் ஒரே இடத்தில் கூட்டிவிட்டால், அந்தச் செலவுக்கு எத்தனை எபிசோட் எடுக்கலாமோ அத்தனையும் எடுப்பார்கள். தாலியைக் கையில் எடுத்ததும் 12 முகத்தைக் காட்டுவது அதனால்தான்.

எனக்கு இதில் கோபம் இல்லை. எண்ணுக்காக வளைத்தாலும், வளைத்த இடத்தில் மனித மனம் தெரிந்தால் அது நல்ல நாடகம். 2014இல் நாதஸ்வரம் தன்னுடைய 1000ஆவது எபிசோட்டை வெட்டே இல்லாமல் நேரலையாக நடித்துக் காட்டியது. அப்படி உழைக்கிறவர்களை நான் மதிக்கிறேன்.

முள்ளியவளையில் இருந்து ஒரு அம்மா: ஆள் மாறினால் எனக்கு மனசு ஒட்டுதில்லை பிள்ளை. பார்க்கிறதை விட்டிடலாமோ?

விட வேண்டாம் அம்மா, மூன்று வாரம் பொறுங்கள். எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் திகதி காலமானபோது, அன்றைக்குக் கடையில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. மிரட்டிக்கொண்டே இருந்த ஒரு பாத்திரத்துக்காக இத்தனை பேர் கலங்கினார்கள். பிறகு வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். முதல் கிழமை எனக்கும் ஒட்டவில்லை. அப்புறம் நான் அவரை விட்டுவிட்டு, அவருக்கு முன்னால் நிற்கிற மருமகள்மாரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அவர்கள் பயந்தால் அவர்தான் குணசேகரன். நீங்களும் அப்படிப் பார்த்துப் பாருங்கள்.

நெடுங்கேணியில் இருந்து ஒரு தங்கச்சி: அப்பம்மா இப்பவும் நாடகத்துக்கு “பழைய நேரம்” சொல்லுறா. அது என்ன?

அப்பம்மா சொல்வது சரியான கதை. 1996இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அதே வருடம் பாதியைத் திருப்பிக் குறைத்து, அரை மணி முன்னால் நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அதை எடுக்கவில்லை. இங்கே பழைய நேரம்தான் ஓடியது, அது இந்திய நேரமேதான். 2006 ஏப்ரலில் முழு நாடும் பழைய நேரத்துக்கே திரும்பி வந்தது.

சமாதான காலத்தில் நான் வவுனியாவில் சித்தி வீட்டில் நின்று படித்தேன். வன்னி எல்லையான ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டியதும் கை மணிக்கூட்டை அரை மணி கூட்டுவேன். இந்தியாவில் 9 மணிக்குப் போகிற நாடகம் சித்தி வீட்டில் 9:30. கோலங்கள் பார்க்கத் தொடங்கியது அங்கேதான். அது 1500 எபிசோட்டுக்கு மேல் ஓடி, 2009 டிசம்பரில் முடிந்தபோது நாங்கள் போரில் இடம்பெயர்ந்து செட்டிக்குளம் முகாமில் இருந்தோம். முடிவு எனக்குத் தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை. பிறகு ஊருக்கு வந்து, கறன்ட் வந்து, ரீவி வாங்கி, 2012இல்தான் அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். அடுத்த நாள் முதல் கொப்பியை வாங்கினேன்.

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு மகள்: அக்கா, அண்ணாவை நாங்கள் 2009இல் இருந்து தேடுறம். நாடகத்தில செத்தவர் திரும்பி வாற காட்சி வந்தால் அம்மா இரவிரவா நித்திரை கொள்ளமாட்டா. ரீவியை நிப்பாட்டவோ?

நிப்பாட்டாதீர்கள் பிள்ளை. “இது நாடகம்தானே” என்றும் சொல்லாதீர்கள், அது அம்மாவுக்கும் தெரியும்.

நாடகத்தில் சடலத்தைக் காட்டாமல் ஒருவரைச் சாகடித்தால் அவர் வருவார். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, தாடியோடு, அல்லது நினைவு தப்பி, வருவார். கதை எழுதுகிறவர்களுக்கு அது சுலபமான வழி. எங்கள் ஊரில் படத்துக்கு மாலை போடாத வீடுகள் எத்தனை இருக்கின்றன. 2017 பெப்ரவரி 20இல் இருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தில் இருந்த தாய்மார் கையிலும் அந்த மாலை போடாத படங்கள்தான். என்னுடைய கொப்பியில் கோட்டுக்கு மேலும் கீழும் பெயர் எழுதுகிறேன் என்றேனே, இந்த வீடுகளில் அண்ணாவுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர் எங்கேயோ இருக்கிறார், வாய் திறக்கவில்லை.

கடைக்கு வருகிற ஒரு அம்மா அப்படியான காட்சி வந்தால் எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய் நிற்பா. நான் மெஷினை நிப்பாட்டுவேன். காட்சி முடிந்ததும் அவ வந்து கதிரையில் இருந்து, தன் மகனுடைய சட்டை அளவைச் சொல்லுவா. நான் எழுதிக்கொள்வேன்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. அந்தக் காட்சி வரப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். தொலைந்தவரின் பழைய படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டத் தொடங்குவார்கள், மனைவி பொட்டை அழிக்கமாட்டா, முகம் காட்டாமல் ஒரு ஆள் பஸ்ஸில் இருந்து இறங்குவார். இதைக் கண்டால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லுங்கள்: “அம்மா, இந்தக் கிழமை அவர் வருவார் போல.” பார்ப்பதா விடுவதா என்று அம்மா தீர்மானிக்கட்டும். பார்க்கிறேன் என்றால் பக்கத்தில் இருங்கள். எந்த நாடகம் என்று எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

மாங்குளத்தில் இருந்து ஒரு அக்கா: பழைய கொப்பிகளை வாசிக்கத் தருவீங்களோ?

தருவேன் அக்கா. ஆறு மணிக்குப் பிறகு வாருங்கள், ஒன்பதாவது மட்டும் ஒருவரிடம் போயிருக்கிறது. பென்சிலால் ஒன்றும் எழுதாமல் திருப்பித் தாருங்கள்.