லாக்ராஞ்சியன் இல்லாத சூப்பர் கன்ஃபார்மல் கோட்பாட்டை ஆராய முடியுமா?

லாக்ராஞ்சியன் (ஒரு கோட்பாட்டின் இயக்க விதிகளைத் தரும் சூத்திரம்) எழுதத் தெரியாத ஒரு சூப்பர் கன்ஃபார்மல் கோட்பாட்டைச் சமச்சீர்மையையும் முரணின்மையையும் மட்டும் கொண்டு ஆராய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். வேறெந்த வழியிலும் எளிதில் கிடைக்காத துல்லியத்தோடு முடியும் என்பதே என் கருத்து.

கன்ஃபார்மல் புலக் கோட்பாட்டில், அதாவது நீளங்களை மாற்றினாலும் கோணங்களை மாற்றாத உருமாற்றங்களில் மாறாமல் நிற்கும் குவாண்டம் கோட்பாட்டில், அருகருகே நிற்கும் இரண்டு இயக்கிகளின் (ஒரு புள்ளியில் வரையறுக்கப்படும் புல அளவுகளின்) பெருக்கத்தை அதே கோட்பாட்டின் இயக்கிகளுடைய கூட்டுத்தொடராக விரிக்கலாம். மதுரையில் முதுகலை வகுப்பு எடுக்கும்போது மீனாட்சி அம்மன் கோயிலின் நான்கு வெளிக்கோபுரங்களைப் பலகையில் புள்ளிகளாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இயக்கி நிற்பதாகச் சொல்வேன். கிழக்கைத் தெற்கோடும் மேற்கை வடக்கோடும் சேர்த்து விரித்தாலும், கிழக்கை வடக்கோடும் மேற்கைத் தெற்கோடும் சேர்த்து விரித்தாலும் விடை ஒன்றாகவே வர வேண்டும். இந்தக் குறுக்குச் சமச்சீரோடு, விரிவுக் கெழுக்களின் வர்க்கம் எதிர்மறை ஆகக்கூடாது என்ற யூனிட்டாரிட்டி நிபந்தனையும் (நிகழ்தகவுகள் எதிர்மறை ஆகக்கூடாது என்பதன் விளைவு) சேரும்போதுதான் பிடி இறுகுகிறது. 1970களில் பிறந்த இந்த எண்ணத்தை, 2008-இல் ராட்டாட்சி, ரிச்கோவ், டோன்னி, விக்கி ஆகியோர் நான்கு பரிமாணத்தில் கணினியால் எல்லைகள் காணும் முறையாக மாற்றினார்கள்.

கன்ஃபார்மல் சமச்சீர்மையோடு, போசான்களையும் ஃபெர்மியான்களையும் இணைக்கும் சூப்பர்சமச்சீர்மையும் இருந்தால் அது சூப்பர் கன்ஃபார்மல் கோட்பாடு. அதில் சில இயக்கிகளின் பரிமாண எண்ணை (நீள அளவை மாற்றும்போது இயக்கி எப்படி மாறும் என்பதைச் சொல்லும் எண்ணை), சூப்பர்சமச்சீர்மையோடு சேர்ந்து வரும் ஆர்-மின்னூட்டமே தீர்மானித்துவிடும். அதற்கும் மேலாக, நான்கு பரிமாண என்=2 (இரண்டு மடங்கு சூப்பர்சமச்சீர்மை உள்ள) கன்ஃபார்மல் கோட்பாடு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தளத்தில் இரு பரிமாணக் கைரல் இயற்கணிதம் ஒன்று, அதாவது ஒரே சிக்கலெண் மாறியைச் சார்ந்த இயக்கிகளின் பெருக்கல் விதித்தொகுதி, ஒளிந்திருப்பதை பீம், ரஸ்டெல்லி முதலிய ஆறு பேர் 2013-இல் காட்டினார்கள். அதன் சென்ட்ரல் சார்ஜ் (கோட்பாட்டில் எவ்வளவு இயக்கச் சுதந்திரம் உள்ளது என்பதைத் தோராயமாக அளக்கும் எண்), நான்கு பரிமாண சென்ட்ரல் சார்ஜின் −12 மடங்கு.

இதைக் கொண்டு 2015-இல் லியண்டோ, ரமிரெஸ், சியோ ஆகியோர் ஒரு கெழுவின் வர்க்கத்தைக் கணக்கிட்டு, அது எதிர்மறை ஆகாமல் இருக்க வேண்டுமானால், இடைவினை உள்ள என்=2 கோட்பாடு எதிலும் சென்ட்ரல் சார்ஜ் 11/30-க்குக் குறையக் கூடாது என்று நிறுவினார்கள். அந்த எல்லையிலேயே சரியாக நிற்பது, 1995-இல் ஆர்கைரஸும் டக்ளஸும் கண்ட கோட்பாடு. மின் துகளும் காந்தத் துகளும் ஒரே புள்ளியில் நிறையற்றுப் போவதால், என்=2 சமச்சீர்மை வெளிப்படையாகத் தெரியும் லாக்ராஞ்சியன் அதற்கு இல்லை. இப்போது 11/30-ஐ −12-ஆல் பெருக்கிப் பாருங்கள்: −22/5 வரும். அது இரு பரிமாண லீ–யாங் மாதிரியின் சென்ட்ரல் சார்ஜ்! நான்கு பரிமாணத்தில் யூனிட்டரியான கோட்பாட்டுக்குள் யூனிட்டரி அல்லாத இயற்கணிதம் இருப்பதில் முரண் ஏதுமில்லை. யூனிட்டரியான இரு பரிமாணக் கோட்பாட்டின் சென்ட்ரல் சார்ஜ் எதிர்மறை ஆகாது; அந்த −12-இன் எதிர்மறைக் குறி அதைத்தான் சொல்கிறது.

நீங்கள் இதைக் கற்கத் தொடங்குவதானால், பெலாவின், பொல்யாகோவ், சமோலோட்சிகோவ் 1984-இல் தந்த மினிமல் மாதிரிகளை (முடிவுள்ள எண்ணிக்கையில் அடிப்படை இயக்கிகள் கொண்ட இரு பரிமாணக் கோட்பாடுகளை; லீ–யாங் அவற்றில் ஒன்று) முதலில் கையால் போட்டுப் பாருங்கள். அந்தப் பயிற்சி இல்லாதவருக்கு −22/5 வெறும் எண்ணாகவே நிற்கும்.