ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு பெயிண்ட் நிறங்கள்: எதை எடுப்பது?

இரண்டு வெளிர் சாம்பல் நிறங்கள், ஷேட் கார்டில் வித்தியாசமே தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். ஒன்றில் நீலமும் மற்றதில் பச்சையோ மஞ்சளோ எட்டிப் பார்க்கும். இந்த அடிச்சாயல்தான் அறை முழுக்க அடித்தபின் தலைதூக்கும். சுவர்கள் தங்கள் நிறத்தை ஒன்றின்மேல் ஒன்று பிரதிபலிப்பதால் கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரியும்.

சுவரிலேயே திட்டுத் திட்டாக அடித்துப் பார்க்காதீர்கள். சுற்றியிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். 60 செ.மீ. சதுர வெள்ளை அட்டைகள் இரண்டு எடுத்து, ஓரத்தில் 5 செ.மீ. விட்டு, இரண்டு கோட் அடியுங்கள். மேட்டா, பளபளப்பா என்பதும் வாங்கப்போகும் பெயிண்டைப் போலவே இருக்க வேண்டும். ஈரத்தில் முடிவெடுக்க வேண்டாம். எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் சற்று அடர்ந்துவிடும். ஒரு நாள் காயவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், ஜன்னல் உள்ள சுவர், மூலை என்று இடம் மாற்றிக் காலை, மதியம், இரவு பாருங்கள். நிமிர்த்தியே வையுங்கள், தரையில் கிடத்தினால் வெளிச்சம் வேறு கோணத்தில் விழும்.

பலர் கோட்டைவிடுவது விளக்கில்தான். 2700 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) பல்பு மஞ்சளைத் தூக்கிக் காட்டும், 6500 நீலத்தை. பகலில் ஒன்றுபோல இருந்தவை இரவில் பிரிந்து நிற்பது இதனால்தான். பல்பை மாற்றும் எண்ணமிருந்தால் முதலில் மாற்றிவிட்டுப் பாருங்கள்.

வெளிச்சம் குறைந்த அறையென்றால் எல்.ஆர்.வி. எண் (0 முதல் 100 வரை, ஒளியைத் திருப்பும் அளவு) கூடியதை எடுங்கள். தரையும் சோபாவும் மாறப்போவதில்லை. அட்டையை அவற்றருகே வைத்து ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகும் பிரித்தறிய முடியாவிட்டால் எதை அடித்தாலும் ஒன்றுதான்.