இசை கேள்வி-பதில்: 57 வயதில் முதல் ஆபரா

கேள்வி: டீச்சர், மரியன் ஆண்டர்சனைப் பெரிய ஆபரா பாடகி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் ஆபரா மேடையில் அவர் வேடமேற்றுப் பாடியது ஒரே ஒரு பாத்திரம்தானாமே? அதுவும் வயதான பிறகு? ஏன் அப்படி?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மைதான் அம்மா. ஆபரா என்றால் வசனத்துக்குப் பதில் பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகம். 1955 ஜனவரி 7 அன்று, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில், இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'உன் பல்லோ இன் மாஸ்கெரா'வில் உல்ரிகா என்ற குறிசொல்லும் பெண்ணாக வந்தார். அந்த மேடையில் பாத்திரமேற்றுப் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். வயது 57.

தாமதத்துக்குத் தோலின் நிறம்தான் காரணம். 1897-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். பள்ளி வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா ஊரார் துணியைத் துவைத்து மூன்று பெண்களை வளர்த்தார். மரியன் ஓர் இசைப் பள்ளியில் சேரப் போய் வரிசையில் நின்றபோது, எல்லோரும் போன பிறகு கடைசியாகக் கூப்பிட்டு, கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அவருடைய தேவாலயத்து மக்கள் பணம் திரட்டி, ஜுசப்பே பொகெட்டி என்ற ஆசிரியரிடம் பாட்டு படிக்க வைத்தார்கள். அவர்களும் வசதியானவர்கள் இல்லை. அந்தக் காசை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஐரோப்பா அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 1935-ல் சால்ஸ்பர்க்கில் அவர் பாடக் கேட்ட டாஸ்கனினி என்ற புகழ்பெற்ற இத்தாலிய இசைக்குழு நடத்துநர், இப்படியொரு குரல் நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் கேட்கக் கிடைக்கும் என்றார். இரண்டே வருடம் கழித்து, சொந்த நாட்டில், பிரின்ஸ்டனில் கச்சேரி செய்யப் போனவருக்கு ஓட்டலில் அறை தர மறுத்தார்கள். ஐன்ஸ்டைன்தான் தன் வீட்டில் தங்க வைத்தார். 1939-ல் வாஷிங்டன் கான்ஸ்டிடியூஷன் ஹாலிலும் கறுப்பர் என்று பாட இடம் தர மறுத்ததும், ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார். எதிரே 75,000 பேர்.

சரி, 1955-க்கு வருவோம். திரை விலகியதும், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அரங்கம் கைதட்ட ஆரம்பித்து நிறுத்தவே இல்லையாம். தான் நடுங்கிப்போனதை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டே அந்த ஆபராவின் சில பகுதிகளை இசைத்தட்டாகவும் பதிவு செய்தார்கள். நாற்பது வருடமாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பதிவில் மூச்சு எங்கே தளர்கிறது, ஸ்வரம் எங்கே ஆடுகிறது என்பது காதில் விழாமல் இருக்காது. எல்லோரும் சாதனை என்று கொண்டாடும் அந்த இரவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. டாஸ்கனினி கேட்டபோது அவருக்கு 38. அந்தக் குரலில் உல்ரிகாவை யாருமே கேட்கவில்லையே!

ஆனால் அவர் திறந்த கதவு மூடவில்லை. அதே மாதம் 27-ஆம் தேதி ராபர்ட் மெக்ஃபெரின் என்ற கறுப்பினப் பாடகர் அங்கே பாடினார். 1961-ல் கறுப்பினப் பாடகி லியோன்டின் பிரைஸ் வந்தார்.

கேள்வி: அவர் இந்தியாவுக்கு வந்ததுண்டா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வந்திருக்கிறார். 1957-ல் அமெரிக்க அரசு ஏற்பாடு செய்த ஆசியப் பயணத்தில். டெல்லியில் காந்தி நினைவிடத்தில் 'லீட் கைண்ட்லி லைட்' பாடினார். காந்திக்கு மிகவும் பிடித்த பாட்டு அது.

கேள்வி: எனக்கு ஆபராவே பழக்கமில்லை. அவருடைய பாட்டில் எதை முதலில் கேட்கலாம்?
- வாசகி, ஈரோடு

பதில்: ஆபராவை இப்போதைக்கு விடுங்கள். ஷூபர்ட் என்ற இசையமைப்பாளரின் 'மரணமும் இளம்பெண்ணும்' பாட்டைக் கேளுங்கள். மூன்று நிமிடம்கூட இராது. முதலில் பெண் பதறுகிறாள், என்னைத் தொடாதே, போய்விடு என்று. அப்புறம் மரணம் பதில் சொல்கிறது, நிதானமாக, ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில். இரண்டும் அவர் குரல்தான் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். கடைசிச் சொல்லில் மந்திர ஸ்தாயியின் அடிக்கு இறங்கி அங்கேயே நிற்பார். பெண் குரல் அவ்வளவு கீழே போய் இத்தனை கனமாக நிற்பதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ராத்திரி வீடு அடங்கிய பிறகு, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.