கடைசித் தேதிக்குப் பிறகு போட்டி விதியை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் என் மகனுக்கு 17 வயது. ஜப்பானிய அனிமே கார்ட்டூன் காட்சிகளை வெட்டித் தமிழ்ப் பாட்டுக்குப் பொருத்தி வீடியோ செய்வான். புதுச்சேரியில் நடந்த ஏ.எம்.வி. (அனிமே மியூசிக் வீடியோ) போட்டிக்கு 500 ரூபாய் கட்டி அனுப்பினான். வேறு போட்டியில் பரிசு பெற்றிருக்கக் கூடாது, சப்டைட்டிலோ சேனல் லோகோவோ தெரியக் கூடாது, மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, இவ்வளவுதான் விதிகள். இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகி, அரங்கத்திலும் திரையிட்டார்கள். பிறகு ‘18 வயது ஆகவில்லை, வீடியோ முன்பே இணையத்தில் வந்துவிட்டது’ என்று நீக்கிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘உங்கள் பையன் பதிப்புரிமையைத் திருடியிருக்கிறான், போலீசுக்குப் போவோம்’ என்கிறார்கள். கையெழுத்திட்ட படிவத்தின் நகலை இணைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் போலீஸ் பயத்தைத் தீர்த்துவிடலாம். மற்றவை அவசரமில்லை.

உங்கள் மகன் செய்தது சட்டத்தின் பார்வையில் முழுக்கச் சுத்தம் என்று என்னால் சொல்ல முடியாது. ஜப்பானியப் படைப்புகளுக்கும் நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. பாட்டில் வரிகளுக்கு ஓர் உரிமை, இசைக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. ‘ரசிகன் செய்தது’, ‘காசுக்குச் செய்யவில்லை’, ‘கீழே நன்றி போட்டிருக்கிறேன்’ என்பவையெல்லாம் இளைஞர்கள் நம்பும் கவசங்கள். சட்டத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு இல்லை. பிரிவு 52 சொந்த உபயோகத்துக்கும் விமர்சனத்துக்கும் இடம் தருகிறது. அரங்கத்தில் ஊர் கூடிப் பார்ப்பது சொந்த உபயோகம் ஆகாது. பிரிவு 63இன் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை. வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது, தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதையும் குறைக்கலாம்.

ஆனால் யார் மிரட்டுகிறார்கள் என்று பாருங்கள். அனிமே காட்சியையும் பாட்டையும் சேர்த்து அனுப்பு என்று அழைத்தவர்கள் அவர்கள். கட்டணம் வாங்கியவர்களும் அவர்கள். பொதுமக்களுக்குத் திரையிட்டவர்களும் அவர்களே. லாபத்துக்காக ஓர் இடத்தை அத்தகைய திரையிடலுக்கு அனுமதிப்பதையும் பிரிவு 51 உரிமை மீறலில்தான் சேர்க்கிறது. புகார் கொடுத்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். தெரிந்தே வீராப்புப் பேசுகிறார்கள்.

மேலும், மகனுக்கு 17 வயது. மூன்று ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றம் சிறுவர் நீதிச் சட்டத்தில் சிறு குற்றம் என்ற வகையில் வருகிறது. பெரியவர்கள் யாரும் உடன் சேராத அத்தகைய குற்றத்துக்குச் சிறுவர்மீது முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது என்று அச்சட்டத்தின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. நிம்மதியாகத் தூங்குங்கள்.

இனி தகுதி விவகாரம். வெளிநாட்டுப் போட்டிகளிலும் இந்த விதிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில போட்டிகளில் வீடியோ அங்கேதான் முதன்முதலாகத் திரையேற வேண்டும். சிலவற்றில் இணையத்தில் வந்திருந்தாலும் பரவாயில்லை, வேறெங்கும் வென்றிருக்கக் கூடாது. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். விதிகளின்படி வீடியோ அனுப்பியதே அவர்களுடைய அழைப்பை ஏற்றதாகும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 8 சொல்கிறது. அதன் பிறகு புது நிபந்தனையைச் சேர்ப்பது ஆட்டம் பாதியில் இருக்கும்போது எல்லைக் கோட்டை நகர்த்துவதுதான். ‘பரிசு பெற்றிருக்கக் கூடாது’ என்பதற்கு ‘வெளிவந்திருக்கக் கூடாது’ என்று பொருள் சொல்லவும் முடியாது. வாசகம் இரண்டுபட்டால் அதை எழுதியவருக்கு எதிராகவே நீதிமன்றம் படிக்கும்.

வயதைச் சொல்லி அவர்கள் இன்னொன்று கேட்கலாம்: மைனரின் ஒப்பந்தம் செல்லாதே? செல்லாதுதான், அன்றைய உச்ச மேல்முறையீட்டு அமைப்பான லண்டன் பிரிவி கவுன்சில் 1903இலேயே தீர்த்துவைத்த விஷயம். ஆனால் அந்தப் பாதுகாப்பு மைனருக்காக. தன் பங்கை முழுதும் செய்து முடித்த மைனர் எதிராளியிடம் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கலாம் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஏற்றிருக்கிறது.

என்னை உறுத்துவது படிவத்தின் கடைசிப் பத்தி. ‘வீடியோவில் உள்ள அனைத்துக்கும் உரிமை என்னுடையது, சிக்கல் வந்தால் இழப்பீடு தருவேன்.’ இரவல் காட்சியும் இரவல் பாட்டும் கொண்ட போட்டியில் எந்தப் பங்கேற்பாளரும் இதை உண்மையாகச் சொல்ல முடியாது. மகனின் கையெழுத்து அவனைக் கட்டுப்படுத்தாது. பாதுகாவலர் என்ற இடம் நல்லவேளையாகக் காலியாக இருக்கிறது. அங்கே நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையில் ஏறியிருக்கும். இனி எந்தப் போட்டியிலும் போடாதீர்கள்.

பரிசுத் தொகையைக் கேட்க வேண்டாம். அவன் வென்றிருப்பான் என்பதை நிரூபிக்க வழியில்லை. கட்டணத்தை மட்டும் கேளுங்கள்: கடைசித் தேதியில் இருந்த விதிகளின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, தேர்வுப் பட்டியல் மூன்றையும் இணைத்து, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம். பதில் வராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. போட்டி நடத்துவது ‘சேவை’தானா என்று அவர்கள் வாதாடக்கூடும். கட்டணம் வாங்கியிருப்பதால் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. 500 ரூபாய்க்கு அங்கே வரை அலைவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கடிதத்தை மட்டும் கட்டாயம் அனுப்புங்கள். போலீஸ் மிரட்டல் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழித்துவிடாமல் அதன் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.